டீச்சர், அந்த மலையின் பெயர் என்ன?

சென்ற மாத இதழில் கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கத்துக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பெரிய உறையில் போட்டு அனுப்பியிருந்தார். பொற்றையடிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள் நான். 31 ஆண்டுகள் பூகோளம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். கேள்வி கேட்டவர்களைக் காக்க வைத்துப் பழக்கமில்லை. கைக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு மருந்துவாழ் மலை உச்சிக்குப் போனோம். சுற்றிலும் எத்தனையோ மலைகள். எது என்ன மலை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நீங்கள் சொல்ல முடியுமா?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. உச்சியில் படம் எடுக்க எந்த இடம் நல்லது என்றுதான் என்னிடம் பலரும் கேட்பார்கள். பெயர் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த முறை போகும்போது உச்சியில் உள்ள அனுமன் சன்னதிக்கு அருகே, கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இப்போது நீங்கள் வடக்கே பார்க்கிறீர்கள். தொலைவில் நீலச் சுவர் போல ஒரு மலைத்தொடர் வருகிறது அல்லவா? தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நடந்து வந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிப் பகுதி அது. தொடரை விட்டுத் தள்ளி, கடலோரம் வரை வந்து தனியாக நிற்கிற மலையில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். உயரம் 800 அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் மாவட்டத்தில் பாதி இங்கிருந்து கண்ணுக்குள் வந்துவிடும்.

வடக்கே அந்தச் சுவர் ஓர் இடத்தில் தாழ்ந்து வாய் திறந்தாற்போல் இருக்கும். அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலும் நெடுஞ்சாலையும் குமரிக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அங்கே முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாகத் தெரியும். காற்று அங்கே மட்டும் ஏன் அப்படி அடிக்கிறது என்று வகுப்பில் கேட்பார்கள். வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்துப் பாருங்கள் என்பேன். அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குக் காற்றை மலை முழுக்கத் தடுக்கிறது. திறந்திருக்கிற அந்த ஒரு சாண் இடைவெளியில் மொத்தக் காற்றும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது.

கணவாய்க்குப் பின்னால் உயர்ந்து நிற்பது மகேந்திரகிரி. 1654 மீட்டர். நீங்கள் நிற்கிற மலையைப் போலக் கிட்டத்தட்ட ஏழு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். கணவாய்க்கு இந்தப் பக்கம், நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மேலே, ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போன்ற விளிம்புடன் இருப்பது தாடகை மலை. நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை வெறும் மலையாகப் பார்க்கவே முடியாது. அதற்கு மேற்கே மடிப்பு மடிப்பாகப் போவது அசம்பு மலை. நாகர்கோவில் வடசேரியில் அசம்பு ரோடு என்ற பெயரைத் தினமும் சொல்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அது ஒரு மலையின் பெயர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இடது கைப் பக்கம், மேற்கே, தனித்துத் தெரிவது வேளிமலை. அதன் அடிவாரத்தில்தான் குமாரகோவில் முருகனும், திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரமும்.

இன்னும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். முதலில் மேற்கே பாருங்கள், பிறகு கிழக்கே பாருங்கள். மேற்கே வயலும் தென்னையும் குளமுமாகக் கண் குளிரும். கிழக்கே போகப் போகப் பச்சை வெளிறிச் செம்மண்ணும் பனையும் தெரியும். மலை மறைக்கிற மழை, மறைக்காத மழை என்று கரும்பலகையில் நான் படம் போட்டு விளக்கியதையெல்லாம் அங்கே தலையைத் திருப்பினாலே படித்துவிடலாம்.

மலைக்குப் போக எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? நண்பர்கள் மாலையில் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்கிறார்கள்.
(தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

மக்களே, வேண்டாம். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் சின்னவர் ஒருவரைக் கூப்பிட்டாலும் ‘மக்களே’தான்.)

காரணத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு, ஓர் ஆடி மாதம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை அழைத்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினேன். நான் சிறு வயது முதல் ஏறி இறங்கிய மலை, அந்தத் துணிச்சல். படிக்கட்டு முடிந்து பாறை தொடங்கும் இடத்திலேயே காற்று தள்ள ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு உற்சாகம். உச்சிக்குப் போய், மலைகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்து, கொண்டுபோன அவலைப் பங்கு வைத்துத் தின்று முடிக்கும்போது சூரியன் மேற்கே இறங்கிவிட்டது.

பாதி வழி இறங்குவதற்குள் இருட்டு. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அந்திப்பொழுது நீளாது. சூரியன் விழுந்த அரை மணிக்குள் பாறைக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். இதையும் நான்தான் பாடமாக நடத்தியிருந்தேன். காய்ந்த புல் படர்ந்த பாறையில் ஒரு பெண் பிள்ளை கால் வழுக்கி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கணுக்கால் வீங்கிவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு டார்ச்.

கீழே ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு எங்கள் சத்தம் கேட்டிருக்கிறது. பனையோலைச் சூட்டை (ஓலைப் பந்தத்தை)க் கொளுத்திக்கொண்டு மேலே வந்தார். அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டார். சூட்டை என்னிடம் தந்து, காலுக்கு முன்னால் பிடிக்காமல் ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் பாறையின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும் என்றார். அன்று அதைக் கற்றேன். அடிவாரத்துக்கு வந்து பிள்ளைகளை எண்ணினேன். 22. இன்னொரு முறை எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். பெற்றோர் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை என்பது இன்றைக்கும் நெஞ்சை உறுத்துகிறது. தவறு முழுவதும் என்னுடையதுதான்.

ஆகவே காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். நிதானமாக ஏறினாலும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். பாறையில் பாதிக்கு மேல் நிழலே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முதல் பாதி வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் காற்று பொல்லாதது. ஐப்பசி, கார்த்திகையில் பாறை வழுக்கும். கார்த்திகை தீபத்துக்குப் போகிறவர்கள் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு இறங்குங்கள். தின்பதற்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தோலை மட்டும் பைக்குள் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். குரங்குகளுக்கு எறிய வேண்டாம்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டுதான் மருந்துவாழ் மலை என்கிறார்கள். இதே கதையைச் சிறுமலையிலும் கேட்டேன். எது உண்மை?
(திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி)

எங்கெல்லாம் மலையில் மருந்துச் செடி மிகுதியோ அங்கெல்லாம் அனுமன் கையிலிருந்து ஒரு துண்டு விழுந்திருக்கிறது. இலங்கையில்கூட இந்தக் கதை சொல்லும் மலை உண்டு. எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. இந்த மலையில் மருந்து இருக்கிறது, கவனமாகப் பார் என்று ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைத்த விதம் அது.

என் தாத்தா நாட்டு வைத்தியத்துக்கு வேர் எடுக்கிறவர். ஒன்பது வயதில் அவர் பின்னால்தான் முதலில் ஏறினேன். நன்னாரிக் கொடியைக் கண்டால் குத்த வைத்து உட்காருவார். இலையின் நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டை எனக்குக் காட்டுவார். மண்ணைக் குச்சியால் கிளறி, வேரில் ஒரு பக்கத்தை மட்டும் அறுத்து எடுத்து, மறுபக்கத்தை மூடி, தன் குடிதண்ணீரில் ஒரு கை அதன் மேல் தெளிப்பார். அறுத்த வேரை நகத்தால் சுரண்டி என் மூக்கருகே நீட்டுவார். அந்த வாசனை இப்போது எழுதும்போதும் வருகிறது. ‘பாதி அதற்கு, பாதி நமக்கு’ என்பதுதான் அவர் கணக்கு. இப்போது ஏறுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் கணக்கும் கட்டுப்படியாகாது. பாருங்கள், முகர்ந்து பாருங்கள், பிடுங்காதீர்கள்.

மருந்து தவிர தவத்துக்கும் பெயர் பெற்ற மலை இது. அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்வதற்கு முன் நாராயண குரு இங்கே பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் வழியில் வருகிறவர்களுக்கும் இது புனித மலை. குகைக்குள் போகும்போது செல்போனில் பாட்டு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வயது 58. மூட்டுவலி உண்டு. ஏறலாமா?
(மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இல்லத்தரசி)

மருத்துவர் சம்மதித்தால், படிக்கட்டு உள்ள வரை ஏறுங்கள். ஏறும்போது தெரியாத வலி இறங்கும்போது தெரியும், ஊன்றுகோல் அவசியம். அதற்கும் முன்னால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிதறால் மலை இருக்கிறதே! சாய்வான நல்ல பாதை. மேலே சமண தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை. அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது.

மகேந்திரகிரி உச்சிக்குப் போக வழி உண்டா? முத்துக்குழிவயல் போக வேண்டும் என்பதும் நீண்ட நாள் ஆசை.
(நாகர்கோவிலிலிருந்து இரு நண்பர்கள்)

இரண்டுக்கும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரச் சோதனை மையம் இருக்கிறது, மேலே காப்புக்காடு. முத்துக்குழிவயல், கோதையாறு மேல்பகுதி யானைகளின் வீடு. தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டது அந்தக் காட்டில்தான் என்பது நினைவிருக்கும். நமக்கு ஆசை இருக்கலாம். அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

மகேந்திரகிரியைப் பார்க்க ஆசை என்றால் நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வள்ளியூர் வரை போய் வாருங்கள். ஜன்னலோரம், இடது பக்க இருக்கை. நெடுநேரம் கூடவே வரும்.

காடு நம்முடையதுதானே? மலை ஏற எதற்கு இணையத்தில் பதிவு, கட்டணம், வழிகாட்டி என்று இத்தனை கெடுபிடி?
(குளச்சலிலிருந்து ஓர் இளைஞர்)

உன் கோபம் புரிகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் சுமைதான். பள்ளி மாணவர்களுக்குக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 2018 மார்ச் 11ஆம் தேதியை மறந்துவிடாதே. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர்.

தீ சமதரையில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். சுவாலை சரிவின் மேல் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது, தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். ஓடுகிற மனிதன் மேட்டில் ஏறமுடியாமல் தவிக்கும் நேரத்தில் தீ இளைப்பாறுவதில்லை. இது தெரிந்த ஒருவர் கூட இருந்து, எரிந்து முடிந்த கருநிலம் எங்கே, புல் இல்லாத பாறை எங்கே என்று காட்டினால் உயிர் பிழைக்கலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கிற பணம் அதற்குத்தான். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தார்கள். நம் மாவட்டத்துப் பாதையும் அதில் உண்டு. தீப்பருவத்தில் மூடிவிடுவார்கள், அப்போது பின்வாசல் வழியாகப் போக வழி தேடாதே, மக்களே.

காளிகேசம் காட்டாற்றுக்குப் போகிறோம். அட்டைக்கு என்ன செய்வது?
(ராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். உப்பும் புகையிலைத் தூளும் சின்னத் துணியில் முடிந்து தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் ஒற்றினால் விழுந்துவிடும். பிய்த்து இழுக்காதீர்கள்.

அட்டை ஆளைக் கொல்லாது. ஆற்றைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கீரிப்பாறைப் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும்; மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். குளிக்கிறவருக்கு அது தெரியாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, துணிமணியைப் பார்க்காமல் கரையேறுங்கள். வெள்ளம் வந்து சேர இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அகத்தியமலைக்குப் பெண்கள் போகலாமா? நான் ஒரு செவிலியர், 34 வயது.
(குலசேகரத்திலிருந்து)

தாராளமாக. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தடையை நீக்கியது. 2019 ஜனவரி முதல் பெண்கள் உச்சி வரை போகிறார்கள். 1868 மீட்டர் உயரம். கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காட்டிலிருந்து நடக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களே பருவம். அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சி. நான் போனதில்லை. என் பழைய மாணவி ஒருத்தி போய் வந்தாள். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது மூடுபனியில் தன் கையே தெரியவில்லை என்றாள்.

அந்த மலையடிவாரத்துக் காணிப் பழங்குடி மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987இல் அவர்களோடு காட்டில் நடந்த ஆராய்ச்சியாளர்கள் களைத்துப்போனார்கள், காணிகள் களைக்கவில்லை. ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார்கள். அந்தக் காய் காய்க்கிற செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது, வருமானத்தில் ஒரு பங்கு காணிகளுக்கும் போனது. பேச்சிப்பாறைப் பக்கமும் காணிகள் வாழ்கிறார்கள். பாதையில் அவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். நாம் விருந்தாளிகள்.

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். மருந்துவாழ் மலையில் ஏறினால் எங்கள் வீடு தெரியுமா?
(சுசீந்திரத்திலிருந்து ஒரு மாணவன்)

தெரியும் மக்களே. ஆனால் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியில் நின்று வடமேற்கே பார். தாணுமாலயன் கோவில் கோபுரம் முதலில் கண்ணில் படும். அதை விட்டுக் கண்ணை எடுக்காதே. பக்கத்தில் தெப்பக்குளம், அப்புறம் பழையாறு வெள்ளிக் கம்பி போல வளைந்து மணக்குடிக் கடலைப் பார்த்துப் போகும். உன் வீடு கோபுரத்துக்கு எந்தப் பக்கம், ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு தாளில் படம் வரைந்து வைத்துக்கொள்.

அம்மாவை ஒரு வேலைக்குச் சம்மதிக்க வை. காலை ஏழரை மணிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியோடு மொட்டைமாடிக்கு வரச் சொல். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, மலை உச்சியைப் பார்த்து மெல்ல அசைக்கச் சொல். அங்கிருந்து மலை தென்கிழக்கே, சூரியனும் அந்த நேரம் கிழக்கே, சுலபமாகப் பிடிக்கலாம். ஐந்து கிலோமீட்டர் தொலைவில் நட்சத்திரம் போல ஒரு மினுக்கு மின்னும். நீயும் ஒரு கண்ணாடி கொண்டுபோ. உச்சியில் நின்று உன் அம்மாவுக்குப் பதில் மினுக்கு காட்டு. மூன்று முறை அசைத்தால் ‘பத்திரமாக ஏறிவிட்டேன்’ என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோ மாமாவோ கூட வராமல் ஏறாதே. தெரிந்ததா இல்லையா என்று எனக்கு எழுது.